குரோஷே பின்னல்: எங்கள் புளோக்கின் கீழே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பின்னுவோம். மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் கேள்வி வந்துவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

குரோஷே என்றால் ஸ்வெட்டர் பின்னுவதுதானே?

இல்லை. ஸ்வெட்டர் பின்ன இரண்டு நீள ஊசி வேண்டும். ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் (நூல் வளையங்களும்) ஊசியிலேயே இருக்கும், ஊசி நழுவினால் மொத்தமும் அவிழும். குரோஷேவுக்கு நுனி வளைந்த ஊசி ஒன்றே போதும். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்றே பொருள். ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் நிற்கும். பஸ் வந்துவிட்டதா, அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்டு எழுந்து போகலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஸ்வெட்டர் துணியை இயந்திரங்கள் மணிக்கணக்கில் பின்னித் தள்ளுகின்றன. உண்மையான குரோஷேவை வணிக அளவில் பின்னித் தரும் இயந்திரம் இன்னும் வரவில்லை. கடையில் குரோஷே சட்டை மலிவாகத் தொங்கினால், ஒன்று அது வேறு வகைப் பின்னலாக இருக்கும், இல்லையென்றால் யாரோ ஒருவர் மிகக் குறைந்த கூலிக்கு உட்கார்ந்து கையால் பின்னியிருப்பார்.

முதலில் என்ன வாங்குவது?

4 மில்லிமீட்டர் குரோஷே ஊசி ஒன்று, வெளிர் நிறத்தில் நூல் உருண்டை ஒன்று, கத்தரி, தைக்க முனை மழுங்கிய தடித்த ஊசி. அவ்வளவுதான். இருபது ஊசி அடங்கிய பெட்டியை இப்போதே வாங்க வேண்டாம். கண்ணியை அடையாளம் வைக்கும் வளையத்துக்குப் பதில் வேறு நிற நூல் துண்டோ ஊக்கோ போதும்.

வெளிர் நிறம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கறுப்பு நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்று தெரியாது. கண்ணி கண்ணுக்குத் தெரியாமல் குரோஷே கற்றுக்கொள்ள முடியாது. இளமஞ்சள், வெளிர் நீலம், பால் வெள்ளை, இவற்றில் ஒன்றை எடுங்கள். பளபளக்கும் நூல், பஞ்சுபோல் ரோமம் நீட்டிய நூல் எல்லாம் ஆறு மாதம் கழித்து.

ஊசி அலுமினியத்தில் இருந்தால் நூல் வழுக்கிக்கொண்டு போகும், மூங்கிலில் இருந்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கை வியர்க்கிறவர்களுக்கு ரப்பர் பிடி வைத்த ஊசி நல்லது. சில பொதிகளில் மில்லிமீட்டருக்குப் பதில் எழுத்து இருக்கும்: அமெரிக்க ஜி என்றால் 4, எச் என்றால் 5. மெல்லிய எஃகு ஊசிகளில் கணக்கு தலைகீழ், எண் கூடக் கூட ஊசி மெலியும்.

எங்கே வாங்குவது?

சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் சென்டரில் இருக்கும் கோல்டன் டிராகன் கடை எனக்கு மிகப் பிடித்த இடம். நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம். டோபி காட்டில் பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் கடை இருக்கிறது. சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் டைசோ கடை போதும். இணையத்தில் வாங்கினால் நிறம் திரையில் காட்டியதுபோல் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளுக்கும் இப்போது பெரும்பாலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும், அதையும் சேர்த்துப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள்.

ஒரு பெரிய வேலைக்கு நூல் வாங்கும்போது எல்லா உருண்டைகளிலும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். ஒரே நீலம் என்று நினைத்து இரண்டு தொகுதி வாங்கினால், போர்வையின் நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும்.

சிங்கப்பூர் சூட்டுக்குக் கம்பளி நூல் எதற்கு?

தேவையே இல்லை. இங்கே பருத்திதான் நம் நூல். வியர்வையை உறிஞ்சும், துவைக்கலாம், தோலில் குத்தாது. பை, மேசை விரிப்பு, கோஸ்டர், குழந்தைத் தொப்பி, மேல்சட்டை எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஒரு குறை, பருத்திக்கு நெகிழ்வு கிடையாது. தளர்ந்தால் தளர்ந்ததுதான். அதனால் பையின் கைப்பிடியை நெருக்கமாகப் பின்ன வேண்டும்.

அக்ரிலிக் மலிவு, நிறம் நிறையக் கிடைக்கும், பூச்சி அரிக்காது. ஆனால் உடம்பில் போட்டால் புழுங்கும். போர்வைக்குச் சரி, அதுவும் ஏர்கான் போட்டுத் தூங்குகிற வீடாக இருந்தால். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் நூல் தொய்ந்து உயிர் போய்விடும், பிறகு மீளாது.

'மில்க் காட்டன்' என்று 50 கிராம் உருண்டையாக விற்பார்கள். பொம்மை செய்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பெயரில் பால் இருந்தாலும் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல்.

லேபிள் தொலைந்த நூலா? ஒரு விரல் நீளம் வெட்டி, சமையலறைத் தொட்டியின் மேல் இடுக்கியால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். கம்பளியில் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும்.

எத்தனை பின்னல் தெரிந்தால் போதும்?

ஐந்து. சங்கிலி, நழுவல், ஒற்றை, அரை இரட்டை, இரட்டை. உலகத்தில் உள்ள குரோஷே வேலைகளில் பெரும்பாலானவை இவற்றை இடம் மாற்றிப் போட்டவைதான்.

சங்கிலி என்பது நூலைக் கொக்கியில் மாட்டி, ஊசியில் இருக்கும் வளையத்துக்குள் இழுப்பது. நழுவல் என்றால் கண்ணியில் குத்தி, நூலைக் கண்ணிக்குள்ளும் ஊசியில் இருக்கும் வளையத்துக்குள்ளும் ஒரே இழுப்பாக இழுப்பது. ஒற்றை என்பது இப்படி. கண்ணியில் ஊசியைக் குத்தி, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் இழுத்துவிடுங்கள். இரட்டைக்குக் குத்துவதற்கு முன்பே நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிக்கொள்ள வேண்டும். குத்தி இழுத்தால் மூன்று வளையம், அதை இரண்டிரண்டாக இரண்டு முறையில் இறக்குவோம். அதனால்தான் இரட்டை உயரமாக நிற்கிறது. அந்த மூன்று வளையத்தையும் ஒரே முறையில் இறக்கினால் அரை இரட்டை.

எத்தனை நாளில் வரும்?

ஊசி பிடிக்கக் கை பழக இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் கோஸ்டரை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். எங்கள் மேசைக்கு வந்த ஓர் அக்கா, கைத்தொழில் எதுவுமே செய்யாதவர், இரண்டாவது சனிக்கிழமை தன் கோஸ்டரின் மேல் கோப்பி வைத்துக் குடித்தார்.

நான் சதுரம் பின்னினால் முக்கோணமாகிறது. என்ன தப்பு?

இதுதான் எங்களிடம் அதிகம் வரும் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டவர்கள் பின்னலை விடுவதில்லை, தெரியாதவர்கள்தான் இரண்டாவது வாரம் நின்றுவிடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வருடம் ஒருவர் தன் துண்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அடியில் 20 கண்ணி, மேலே எண்ணினால் 13. "அக்கா, வீடியோவில் சொன்னதைத்தான் அப்படியே செய்தேன்" என்றார். உண்மைதான், அப்படியே செய்திருந்தார். ஆனால் தன் பின்னலைப் பார்க்கவில்லை, திரையை மட்டுமே பார்த்திருந்தார்.

துண்டை வெளிச்சத்தில் பிடித்து மேல் ஓரத்தைப் பாருங்கள். சடை பின்னியதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்ன அம்புமுனைகள் படுத்திருக்கும். ஒவ்வொரு முனையும் ஒரு கண்ணியின் தலை. அதன் இரண்டு இழைகளுக்கும் அடியில்தான் ஊசி போக வேண்டும். ஒரு இழையை மட்டும் பிடித்தால் பின்னலில் வரி விழும், அது வேண்டுமென்றே செய்யும் அலங்காரம்.

இப்போது ஓரத்துக்கு வருவோம். இரட்டையில் ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது 3 சங்கிலி போட்டு மேலே ஏறுகிறோம். அந்த 3 சங்கிலிதான் புதிய வரிசையின் முதல் கண்ணி. அதனால் அதற்கு நேர் அடியில் இருக்கும் தலையில் மறுபடி குத்தக் கூடாது, அடுத்த தலையில் குத்த வேண்டும். அடியிலேயே குத்தினால் துண்டு அகலமாகிக்கொண்டே போகும். வரிசையின் கடைசியில், போன முறை ஏறிய 3 சங்கிலி ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணிபோலவே தெரியாது. அதன் உச்சியிலும் ஒரு இரட்டை போட வேண்டும். இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், வரிசைக்கு ஒன்று குறைந்து கூம்பிவிடுகிறது.

ஒற்றையில் கணக்கு வேறு. ஏறப் போடும் 1 சங்கிலி எண்ணிக்கையில் சேராது. முதல் தலையிலேயே குத்த வேண்டும். இரண்டையும் கலந்துகொண்டால் குழப்பம்தான்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு நூல் துண்டை மாட்டி வையுங்கள். பத்து வரிசை வரைக்கும் வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். அப்புறம் கண் தானாகவே படித்துவிடும். அதற்குப் பிறகு எந்த வீடியோவும் உங்களைக் கட்டிப்போட முடியாது.

ஒரு வீடியோவில் 'டபுள்' என்கிறார்கள், இன்னொன்றில் அதையே 'டிரெபிள்' என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்கப் பெயர் ஒன்று, பிரிட்டிஷ் பெயர் ஒன்று. அமெரிக்கர்களின் சிங்கிள் பிரிட்டனில் டபுள், அமெரிக்கர்களின் டபுள் பிரிட்டனில் டிரெபிள். பழைய பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் புத்தகங்களை எடுத்தால் இது இடிக்கும். சுலபமான அடையாளம்: செய்முறையில் 'சிங்கிள்' என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இந்தப் பக்கத்தில் ஒற்றை, இரட்டை என்று நான் சொல்வதெல்லாம் அமெரிக்கக் கணக்கு.

ஆங்கிலச் செய்முறை எனக்குப் புரியவில்லை. தமிழில் கிடைக்காதா?

குறைவுதான். ஆனால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, படக்குறியீடு. ஜப்பானியப் புத்தகங்களில் எழுத்தே தேவைப்படாது. நீள்வட்டம் சங்கிலி, பெருக்கல் குறி ஒற்றை, ஆங்கில 'T' வடிவம் அரை இரட்டை, அதன் தண்டில் ஒரு சாய்கோடு இருந்தால் இரட்டை. இந்தக் குறிகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர முறையில் வரையறுக்கப்பட்டவை என்பதால் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதில்லை. எந்த மொழிக்காரர் பார்த்தாலும் பின்னலாம். நூலகத்தில் 746.434 என்ற எண் உள்ள அலமாரியில் குரோஷே புத்தகங்களைத் தேடுங்கள். படங்களைப் புரட்டியே பாதி கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, நாங்கள் செய்கிற வழி. எங்கள் மேசையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். தேவகோட்டைப் பக்கம் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அம்மாவிடம் தலையணை உறைக்கு லேஸ் போடக் கற்றவர். அவருக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்து வேண்டாம் என்று தமிழிலேயே எழுத ஆரம்பித்தோம். 'ச' சங்கிலி, 'ஒ' ஒற்றை, 'இ' இரட்டை, 'கூ' ஒரே கண்ணியில் இரண்டு போட்டுக் கூட்டுவது, 'கு' இரண்டைச் சேர்த்துக் குறைப்பது. ஒரு பந்தின் மூன்றாவது சுற்று எங்கள் நோட்டில் இப்படி இருக்கும்:

சுற்று 3: (1 ஒ, 1 கூ) × 6 = 18

பாட்டி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்துக்கொண்டே பின்னுவார். பக்கத்தில் உட்காருகிற உயர்நிலை இரண்டு மாணவிக்கும் அதே நோட்டுதான். நீங்களும் இப்படியே எழுதுங்கள், நான்கு பேரிடம் கொடுங்கள். தமிழில் செய்முறை இல்லை என்ற குறை அப்படித்தான் தீரும்.

வட்டம் ஏன் கிண்ணம்போல் குழிகிறது? சில நேரம் அலை அலையாக வருகிறதே?

வட்டம் பெரிதாகும்போது சுற்றளவும் ஒரே அளவில் கூடிக்கொண்டு போக வேண்டும். ஒற்றையில் 6 கண்ணியில் தொடங்கினால் சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும்: 6, 12, 18, 24, 30, 36. இரட்டையில் 12-இல் தொடங்கிச் சுற்றுக்கு 12. கூட்டியது குறைந்தால் குழியும், அதிகமானால் அலையடிக்கும். எல்லாக் கூட்டலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகத் தெரியும், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டும் இடத்தை நகர்த்துங்கள்.

அந்தக் குட்டி பொம்மைகள் எப்படிச் செய்கிறார்கள்?

அமிகுருமி என்று பெயர். ஜப்பானியச் சொல், பின்னிய பஞ்சுப் பொம்மை. மேலே சொன்ன வட்டக் கணக்கு வந்துவிட்டால் பொம்மையும் வந்த மாதிரிதான். 36 வரை கூட்டுங்கள், ஆறு சுற்று மாற்றமில்லாமல் பின்னுங்கள், பிறகு வந்த வழியே சுற்றுக்கு 6 குறைத்துக்கொண்டு திரும்புங்கள். பந்து தயார். தலை, உடல், யானையின் வயிறு எல்லாம் இதே பந்துதான்.

லேபிளில் சொன்னதைவிடச் சின்ன ஊசி எடுங்கள். மில்க் காட்டனுக்கு நான் 2.5 மில்லிமீட்டர் பயன்படுத்துகிறேன். பின்னல் நெருக்கமாக இருந்தால்தான் உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்காது. குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன் இழையை மட்டும் பிடித்துச் சேர்த்தால் குறைத்த இடம் தெரியாது. பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு அடையுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். பாதுகாப்புக் கண் என்று எழுதியிருந்தாலும் பின்னல் தளர்ந்தால் கழன்று வரும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தீபாவளிக்கு ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. எங்கள் தளத்தில் மூன்று வீட்டு வாசலில் குரோஷே சாமந்தித் தோரணம் தொங்குகிறது. தேக்காவில் வாங்கும் பூ இரண்டு நாளில் வாடிவிடும், அதன் மணத்துக்கு ஈடு இல்லைதான், ஆனால் இது வருடா வருடம் வரும்.

ஒரு பூவுக்கு 30 சங்கிலி போடுங்கள். நான்காவது சங்கிலியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் 3 இரட்டை. கை போகப் போக நாடா தானே திருகிச் சுருளும், கையால் சுருட்ட வேண்டாம். முடிந்ததும் அடியைச் சேர்த்து உருட்டித் தைத்தால் இதழ் அடர்ந்த சாமந்தி. மஞ்சளும் ஆரஞ்சும் மாற்றி மாற்றிக் கோத்து, நடுவில் பச்சையில் மாவிலை. மாவிலைக்கு ஒரு சங்கிலியின் இருபுறமும் ஒற்றை, அரை, இரட்டை, அரை, ஒற்றை என்று ஏறி இறங்கினால் இலையின் வடிவம் வந்துவிடும்.

நாடா ஏன் திருகுகிறது? அடியில் ஒன்று, ஓரத்தில் மூன்று. ஓரம் நீளம், அடி குட்டை, மிச்ச நீளத்துக்குப் போக இடமில்லாமல் மடிகிறது. இதே விஷயத்தை வைத்து 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர், காகிதத்தில் நிற்காத மிகைவளைவுத் தளத்தை (ஓரம் விரிய விரிய அலையலையாக மடியும் தளம்) குரோஷேவில் பின்னி மாணவர்கள் கையில் கொடுத்தார். அதைப் பார்த்து மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் சகோதரிகள் 2005-இல் குரோஷேவிலேயே பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். பவளமும் அப்படித்தானே மடிந்து மடிந்து வளர்கிறது. நம் வாசல் சாமந்தியில் அதே கணக்கு இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கண் விரியும்.

தினமும் பயன்படுகிற மாதிரி என்ன பின்னலாம்?

முதலில் டிஷ்யூப் பொட்டல உறை. உணவங்காடியில் மேசை பிடிக்க டிஷ்யூ வைக்கிறோம், அதற்கு ஒரு சட்டை போட்டால் உங்கள் மேசை எது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஒரு செவ்வகம் பின்னி இரண்டு ஓரத்தையும் நடுவில் சந்திக்க மடித்துத் தைத்தால் முடிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் இரண்டாவது வேலை இது.

தபாவ் செய்யும், அதாவது வாங்கி எடுத்துப்போகும், கோப்பிக்கு ஒரு தூக்கு. அடி வட்டம், பக்கம் வலை, மேலே கைப்பிடி. தண்ணீர்ப் புட்டிக்கும் இதேதான். வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981 முதல் நம் தேசிய மலர், அதைச் சின்ன ஊதா மலராகப் பின்னி ஊக்கு வைத்தால் ஆசிரியர் தினத்துக்கு நல்ல அன்பளிப்பு.

சந்தைப் பையைப் பற்றி இரண்டு வார்த்தை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் மேசையில் வலைப்பை மோகம் வந்தது. 5 சங்கிலி, 1 ஒற்றை என்று வளைவு வளைவாகப் போனால் வலை. ஆனால் அடிப்பாகத்தை நெருக்கமான ஒற்றையில் ஒரு சாண் அகலத்துக்குப் பின்னிவிட்டுத்தான் வலையைத் தொடங்க வேண்டும். என் முதல் பை முழுக்க வலை. தேக்கா சந்தையிலிருந்து வரும்போது சின்ன வெங்காயம் ஒவ்வொன்றாக விழுந்ததை ரயிலில் ஒரு சிறுவன் பொறுக்கிக் கொடுத்தான். வீட்டில் சேர்ந்துபோன பிளாஸ்டிக் பைகளையும் வீணாக்க வேண்டாம். ஒரு அங்குல வளையங்களாக வெட்டி ஒன்றோடொன்று கோத்தால் அதுவே நூல். 6 மில்லிமீட்டர் ஊசியில் செருப்பு வைக்கும் விரிப்பு பின்னலாம்.

துவைத்தால் என்ன ஆகும்? எப்படிக் காயவைப்பது?

பருத்தியைக் குளிர்ந்த நீரில், வலைப்பைக்குள் போட்டுத் துவைக்கலாம். அடர்ந்த சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த வேலை என்றால் முதல் தடவை கையால்.

காயவைப்பதில்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். ஈரச் சட்டையை மூங்கில் கழியில் கோத்துச் சன்னலுக்கு வெளியே நீட்டினால், தண்ணீரின் கனமே அதை இழுத்து நீட்டிவிடும். தோள் இருக்கும் இடத்தில் கழியின் அச்சும் விழும். துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள், இன்னொரு காய்ந்த துண்டின் மேல் படுக்கவைத்து வடிவத்தைச் சரிசெய்யுங்கள், மின்விசிறியை ஓடவிடுங்கள். லேஸ் விரிப்பாக இருந்தால் ஓரங்களைக் குண்டூசியால் குத்திக் காயவைத்தால் ஒவ்வொரு முனையும் எடுப்பாக நிற்கும்.

எடுத்துவைக்கும்போது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இந்த ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். தங்கை மகனுக்கென்று பின்னிய போர்வையை நான் அலமாரியின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து எடுத்தபோது கறுப்புப் புள்ளி. இப்போது மூடியுள்ள பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், பக்கத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தர்ஸ்டி ஹிப்போ டப்பா ஒன்று. கம்பளி இருந்தால் பூச்சிக்கும் சேர்த்து மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

இடது கைக்காரர் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திசை மாறும், அவ்வளவுதான். சொல்லிக்கொடுப்பவருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள்.

விரலும் மணிக்கட்டும் வலிக்கிறது.

ஊசியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பேனாவைப்போலோ கத்தியைப்போலோ பிடிக்கலாம், இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒரே தசை களைக்காது. அரை மணிக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து நீட்டுங்கள். விரல் மரத்துப்போனால், இரவில் குத்தல் எடுத்தால், பின்னுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இது நம் ஊர்க் கலையா, வெள்ளைக்காரர் கொண்டுவந்ததா?

குரோஷே செய்முறை முதலில் அச்சில் வந்தது ஐரோப்பாவில், 1823-இல் ஒரு டச்சு இதழில். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, குரோஷே லேஸ் விற்ற காசில் பல குடும்பங்கள் அடுப்பெரித்தன. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பெண்கள் இந்தியாவுக்கு லேஸ் வேலையைக் கொண்டுவந்தார்கள். நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் நம் பெண்கள் கற்றது கட்டைகளில் நூல் சுற்றிப் போடும் லேஸ், அது குரோஷே இல்லை. குரோஷே லேஸ் வேரூன்றியது ஆந்திராவின் நரசாபூர்ப் பகுதியில். கோதாவரிக் கரைப் பெண்கள் இன்றும் அதைப் பின்னுகிறார்கள்.

அப்புறம் 2016 ஜனவரி 31-இல் சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு ஆளுக்கொரு துண்டாகப் பின்னிச் சேர்த்து, 11,000 சதுர மீட்டருக்கும் மேலான போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தது. கொண்டுவந்தது யாராக இருந்தாலும், இவ்வளவு பெண்களின் கை பட்ட பிறகு அதை நம்முடையது என்று சொல்ல நான் தயங்குவதில்லை.

பின்னியதை விற்கலாமா?

விற்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து இதுபோன்ற சிறு தொழில் செய்ய இடமுண்டு. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, வெளியாரை வேலைக்கு வைக்கக் கூடாது. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப்பெயரில் நீங்களே நடத்தினால், தொழில்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையத்தில் பதிய வேண்டியதில்லை, கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர்கள் விற்கத் தொடங்குமுன் மனிதவள அமைச்சிடம் கேட்டுவிடுங்கள்.

விலை வைக்கும்போது நேரத்தை எண்ணுங்கள். எட்டு மணி நேரம் பின்னிய பொம்மையை, நூல் பத்து வெள்ளிதானே என்று பதினைந்து வெள்ளிக்குக் கொடுத்தால் மணிக்கு ஒரு வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. அப்படிக் கொடுப்பவர் தன்னை மட்டும் ஏமாற்றிக்கொள்ளவில்லை, பக்கத்து மேசையில் நியாய விலை சொல்கிறவருக்கும் கேடு செய்கிறார். பரிசாகக் கொடுங்கள், முழு மனதோடு கொடுங்கள். விற்றால் விலைக்கு விற்றுவிடுங்கள்.

பத்து வரிசை கழித்துத் தப்பு தெரிகிறது. பிரிக்கத்தான் வேண்டுமா?

எண்ணிக்கைத் தப்பு என்றால் பிரியுங்கள், அது வளர்ந்துகொண்டே போகும். ஒரு கண்ணி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் விட்டுவிடலாம்.

பருத்தியும் அக்ரிலிக்கும் சுகமாகப் பிரியும். வெல்வெட் மாதிரி நூல்கள் பிரிக்கும்போதே உதிரும், அதனால் முதல் வேலைக்கு அவை வேண்டாம். பிரித்த நூல் சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, நனைத்துக் காயவைத்தால் மறுபடி நேராகிவிடும்.

எங்கள் பாட்டி பிரிக்கும்போது அவசரப்படுவதில்லை. ஊசியை எடுத்துவிட்டு, நூலை மெல்ல இழுத்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணியும் எந்தத் தலையிலிருந்து அவிழ்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவார். தப்பு விழுந்த கண்ணி வந்ததும் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இந்தா பாரு, இங்கதான் ஒன்ன தாண்டிட்டேன்" என்று காட்டுவார். அப்புறம் ஊசியை மாட்டிக்கொண்டு அங்கிருந்து தொடங்குவார்.